செயற்கைக்கோள் படங்களைக் கோடு தெரியாமல் ஒட்டுவது எப்படி? காவிரி டெல்டாவை வைத்து ஒரு முழு வழிகாட்டி

சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள் டைல் எனப்படும் சதுரத் துண்டுகளாகக் கிடைக்கின்றன. அவற்றில் நாலைந்தை இறக்கி க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டதும் முதலில் கண்ணில் படுவது இரண்டு டைல்களுக்கு நடுவே ஓடும் கோடுதான். ஒரு பக்கம் கரும்பச்சை, இன்னொரு பக்கம் வெளிறிய பச்சை. உடனே பெரும்பாலானோர் கலர் பேலன்ஸ், அதாவது நிறச் சமன் கருவியைத் தேடுகிறார்கள். அதை ஓட்டிய பிறகு கோடு மங்குகிறது, ஆனால் படம் முழுக்க ஒரு புகை படிந்த மாதிரி ஆகிவிடுகிறது. அந்தக் கோடு பெரும்பாலும் நிறப் பிரச்சினையே இல்லை. அதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய ஏதோ ஒரு வேலை விடுபட்டிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் கலர் பேலன்ஸ் கருவி எட்டாவது படியில்தான் வருகிறது.

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான காவிரி டெல்டாவை எடுத்துக்கொள்கிறேன். வயல், ஆறு, கடல், உப்பளம், நகரம் எல்லாம் அடுத்தடுத்து இருப்பதால் தவறுகள் எல்லாமே இங்கே வெளிப்படும். மென்பொருள் க்யூஜிஐஎஸ், அதனுடன் வரும் ஜிடால் என்ற படச் செயலாக்கக் கருவிகள், அப்புறம் படங்களைச் சமன் செய்து ஒட்ட ஆர்ஃபியோ டூல்பாக்ஸ். மூன்றும் இலவசம். ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ என்ற கட்டண மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் விமானம் அல்லது ட்ரோன் படத்தில் வேலை செய்பவர்களுக்கும் பத்தாவது பகுதி இருக்கிறது. ஆனால் அவர்களும் முதல் ஏழு படிகளைப் படித்துவிட்டே அங்கே வர வேண்டும்.

1. பார்ப்பதற்கா, அளப்பதற்கா?

இதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நிறம் சமன் செய்த படம் கண்ணுக்கானது. வரைபடத்தின் பின்னணியாகவும் அச்சுக்கும் இணைய வரைபடத்துக்கும் அது நன்றாக இருக்கும். பயிர்ச் செழிப்பை அளக்கும் என்டிவிஐ போன்ற குறியீடுகளை அதிலிருந்து கணக்கிடக் கூடாது. பேண்ட் என்பது ஒரு ஒளி நிறத்துக்கான தனிப் படம். சமன் செய்யும்போது சிவப்பு பேண்டுக்கு ஒரு பெருக்கல், அகச்சிவப்பு பேண்டுக்கு வேறொரு பெருக்கல் என்று போயிருக்கும். அந்த இரண்டின் விகிதத்தை எடுத்தால் வருவது பயிரின் நிலை அல்ல, மென்பொருள் செய்த மாற்றம்.

அதனால் ஃபோல்டர் போடும்போதே மூலம், இடைநிலை, காட்சி என்று மூன்றாகப் பிரித்துவிடுங்கள். மூலத்தில் எதையும் திருத்தாதீர்கள். குறியீடு கணக்கிட வேண்டி வந்தால் மூலத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

சென்டினல்-2 லெவல்-2ஏ படங்கள், அதாவது காற்று மண்டலத்தின் பாதிப்பைத் திருத்திய படங்கள். காப்பர்னிகஸ் டேட்டா ஸ்பேஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி இறக்கலாம். ஒரு டைல் என்பது 10 மீட்டர் பிக்சலில் 10,980 க்கு 10,980. ஒரு பேண்ட் 16 பிட்டில் சுருக்காமல் சுமார் 240 எம்பி, மூன்று பேண்ட் சேர்ந்தால் 720 எம்பி. ஒவ்வொரு படியிலும் ஒரு நகல் உருவாகும் என்பதால் நாலைந்து டைல்களுக்கே 50 ஜிபி இடம் ஒதுக்கி வையுங்கள். பாதி வேலையில் டிஸ்க் நிரம்பினால் அரைகுறைக் கோப்பு ஒன்று மிஞ்சும். அது திறக்கவும் செய்யும், அதனால் கோளாறு எங்கே என்று தேடுவது பெரிய பாடு.

ஒரு பாலிகன் லேயரும் வேண்டும். அதில் நிலம் மட்டும் இருக்கட்டும், கடலை விட்டுவிட்டு வரையுங்கள். எதற்கு என்பது ஆறாவது படியில் தெரியும்.

டவுன்லோடு செய்த ஃபோல்டரில் டிசிஐ என்ற பெயரில் 8 பிட் வண்ணப் படம் ஒன்று தயாராக இருக்கும். எளிதாக இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். மணல், தகரக் கூரை, உப்பளம் போன்ற பளிச்சென்ற இடங்கள் அதில் 8 பிட்டின் உச்ச எண்ணான 255 இல் முட்டி நின்றுவிடும். வெட்டுப்பட்ட விவரம் திரும்பி வராது. சிவப்புக்கு பி04, பச்சைக்கு பி03, நீலத்துக்கு பி02 என்று மூன்று பேண்டுகளையும் தனியாக எடுத்து இந்த வரிசையிலேயே அடுக்குங்கள்.

3. தேதியைத் தேர்ந்தெடுப்பது

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். டெல்டாவில் சம்பா அறுவடை தை, மாசியில் நடக்கிறது. ஜனவரி தொடக்கத்துப் படத்தில் வயல் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். மார்ச் படத்தில் அதே வயல் அறுத்த அடிக்கட்டை நிற்கும் வெறும் நிலமாகவோ, உளுந்தும் பச்சைப்பயறும் முளைத்த இளம்பச்சையாகவோ இருக்கும். இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்தால் கோடு தெரியத்தான் செய்யும். அந்தக் கோடு பொய்யில்லை, நிலமே மாறியிருக்கிறது. அதைச் சமன் செய்ய முயன்றால் மென்பொருள் தார்ச்சாலையையும் ஓட்டு வீட்டையும் சேர்த்துப் பச்சையாக்கிவிடும்.

அதனால் இப்படித் தேடுங்கள். முதலில் ஒரே நாள், ஒரே ஆர்பிட்டில் (செயற்கைக்கோளின் பாதையில்) எடுத்த டைல்கள். சென்டினல்-2 ஒரு முறை கடக்கும்போது 290 கிலோமீட்டர் அகலத்தைப் படமெடுக்கிறது. அதனால் அகலமான பரப்புகூட ஒரே பாதைக்குள் அடங்கும் வாய்ப்பு உண்டு. கோப்புப் பெயரில் ஆர் (R) எழுத்துக்குப் பின் வரும் மூன்று இலக்கம்தான் ஆர்பிட் எண். அது ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நாளில் கிடைக்காவிட்டால் அதே ஆர்பிட்டில் அடுத்தடுத்த தேதிகள். அதுவும் இல்லையென்றால்தான் வேறு ஆர்பிட். வேறு வருடம் கடைசி வழி. எடுத்தாலும் அதே மாதமாக இருக்கட்டும். மேட்டூர் தண்ணீர் எப்போது வந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வருடமும் டெல்டாவின் நிறம் முன்பின் ஆகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மேக அளவு 10 சதவீதத்துக்குள் என்று வடிகட்டுவது நல்லதுதான், ஆனால் போதாது. அந்தக் கணக்கு முழு டைலுக்கானது. டைல் மொத்தத்தில் 5 சதவீதம்தான் மேகம் என்றாலும் அத்தனையும் தஞ்சாவூர் மேலேயே நிற்கலாம். முன்னோட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

4. கோடு படத்தில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா?

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். க்யூஜிஐஎஸ் ஒவ்வொரு லேயரையும் அதன் சொந்த மதிப்புகளை வைத்து ஸ்ட்ரெச் செய்து, அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே விரித்துக் காட்டுகிறது. வழக்கமாக அடியில் 2 சதவீதமும் மேலே 2 சதவீதமும் வெட்டப்படும். நாகப்பட்டினம் டைலில் பாதி கடல், அதன் எண்கள் எல்லாம் சிறியவை. திருச்சிப் பக்க டைலில் காய்ந்த நிலமும் பாறையும் அதிகம், எண்கள் பெரியவை. ஒரே நாளில் ஒரே கேமரா எடுத்திருந்தாலும் திரையில் இரண்டும் வெவ்வேறு நிறமாகத்தான் தெரியும்.

சோதிப்பது எளிது. இரண்டு டைல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதிக்குப் போங்கள். அங்கே ஒரு பெரிய கூரையையோ அகலமான தார்ப் பரப்பையோ பிடித்து, ஐடென்டிஃபை கருவியால் எல்லா லேயர்களின் மதிப்பையும் ஒரே சொடுக்கில் எடுங்கள். சிவப்பு பேண்டில் ஒரு டைல் 1480, இன்னொன்று 1510 என்று வந்தால் படத்தில் கோளாறு இல்லை. லெவல்-2ஏ செயலாக்கம் காற்று மண்டலத் திருத்தத்தை டைல் டைலாகச் செய்வதால் சிறு வேறுபாடு வரும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு லேயருக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் கையால் கொடுத்து, அந்த ஸ்டைலை நகலெடுத்து மற்ற லேயர்களில் ஒட்டுங்கள். 0 முதல் 3000 வரை என்பது இயல்பு வண்ணப் படத்துக்கு நல்ல தொடக்கம். ஒரே நாள் டைல்களாக இருந்தால் கோடு இத்துடன் போய்விடும். நீங்கள் அடுத்த படியில் சொல்லும் 1000 ஐ மட்டும் பார்த்துவிட்டு, நேராக ஒன்பதாவது படியின் கடைசிப் பத்திக்குப் போகலாம்.

1480, 2480 என்று வந்தால்? வித்தியாசம் ஏறக்குறைய 1000. ஐந்து இடங்களில் சொடுக்கியும் இதே வித்தியாசம் வருகிறதென்றால் காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

இடத்துக்கு இடம் வித்தியாசம் மாறுகிறதா? அப்போதுதான் நிறச் சமன் தேவை. அதற்கும் முன்னால் 5, 6, 7 படிகளை முடிக்க வேண்டும்.

5. அந்த 1000 ஐக் கழித்துவிடுங்கள்

2022 ஜனவரி 25 அன்று சென்டினல்-2 இன் செயலாக்கப் பதிப்பு 04.00 நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு பிக்சல் எண்ணிலும் 1000 கூட்டியே தருகிறார்கள். மிக இருண்ட இடங்களில் திருத்தத்துக்குப் பிறகு வரும் எதிர்மறை எண்கள் தொலைந்துபோகாமல் இருக்க இந்த ஏற்பாடு. பழைய பதிப்பில் எண்ணை 10,000 ஆல் வகுத்தால் எதிரொளிப்பு (பட்ட ஒளியில் திரும்பி வரும் பங்கு) கிடைக்கும். புதியதில் முதலில் 1000 ஐக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும்.

தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய படங்களையும் புதிய பதிப்பில் மறுபடி செயலாக்கி வெளியிட்டிருக்கிறார்கள். 2019 இல் எடுத்த படத்திலும் இந்த 1000 இருக்கலாம். கோப்புப் பெயரில் என் (N) எழுத்துக்குப் பின் வரும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 0400 அல்லது அதற்கு மேல் இருந்தால் கழிக்க வேண்டும். மாறாக, கூகுள் எர்த் எஞ்சின் என்ற இணையத் தளத்தில் ஹார்மனைஸ்டு என்ற தொகுப்பிலிருந்து எடுத்திருந்தால் ஏற்கெனவே கழித்துத்தான் தந்திருப்பார்கள். இன்னொரு முறை கழித்தால் தண்ணீரும் நிழலும் கறுத்துவிடும்.

இதைத் தாண்டி நேராகச் சமன் செய்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரியான படத்தில் கொள்ளிடத்துத் தண்ணீர் 300, நெல் வயல் 600, ஆற்று மணல் 2500 என்று வையுங்கள். கழிக்காத படத்தில் அவை 1300, 1600, 3500. நாம் பயன்படுத்தப் போகும் கருவி ஒவ்வொரு பேண்டையும் ஒரு எண்ணால் பெருக்க மட்டும்தான் செய்யும், கூட்டல் கழித்தல் அதில் இல்லை. சராசரியைச் சமமாக்க அது சுமார் 0.53 ஆல் பெருக்கும். தண்ணீர் 690 ஆகும், மணல் 1860 க்கு இறங்கும். இருட்டு வெளுத்து, வெளிச்சம் மங்கி, படம் தட்டையாகிவிடும். தொடக்கத்தில் சொன்ன புகை படிந்த தோற்றம் இதுதான். எந்த அமைப்பை மாற்றினாலும் அது சரியாகாது.

கழிக்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. முதலாவது, 0 என்பது நோடேட்டா, அதாவது படமே இல்லாத இடம். அதை 0 ஆகவே விட்டுவிட்டு மற்றதில் மட்டும் கழியுங்கள். கழித்ததில் 0 அல்லது அதற்குக் கீழே வந்தால் 1 என்று வையுங்கள், இல்லாவிட்டால் ஆழமான தண்ணீர் ஓட்டையாகிவிடும். இரண்டாவது, பிக்சல் எண்களில் கணக்குப் போடும் ஜிடால் ராஸ்டர் கால்குலேட்டரில் 16 பிட் எண்ணை அப்படியே கழித்தால் 950 இலிருந்து 1000 போக மைனஸ் 50 வராது, சுற்றிக்கொண்டு 65,486 வரும். ஆற்றின் நடுவே பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் காரணம் அதுதான். கணக்கை 32 பிட் முழு எண்ணில் செய்து, முடிவை மட்டும் 16 பிட்டில் எழுதுங்கள்.

6. மேகத்தையும் கடலையும் கணக்கிலிருந்து நீக்குவது

நிறச் சமன் என்பது ஓவர்லாப் பகுதியின் (படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தின்) புள்ளிவிவரத்தில் நிற்கிறது. அங்கே ஒரு படத்தில் மேகமும் இன்னொன்றில் வயலும் இருந்தால், மென்பொருள் மேகத்தையும் வயலையும் சமமாக்கப் பார்க்கும்.

ஒவ்வொரு லெவல்-2ஏ டைலுடனும் எஸ்சிஎல் என்ற வகைப்பாட்டுப் படம் 20 மீட்டரில் வருகிறது. அதில் 3 மேக நிழல், 8 உம் 9 உம் மேகம், 10 மெல்லிய சிரஸ் மேகம். இந்த நான்கையும் மாஸ்க் செய்யுங்கள், அதாவது கணக்கில் சேராதபடி மறைத்துவிடுங்கள். 10 மீட்டருக்கு மாற்றும்போது, பக்கத்துப் பிக்சலின் எண்ணை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பர் முறையை மட்டுமே பயன்படுத்துங்கள். இவை வகை எண்கள். சராசரி எடுத்தால் 9 க்கும் 5 க்கும் நடுவே 7 என்று அர்த்தமில்லாத வகை பிறக்கும். அப்புறம் மாஸ்க்கைச் சில பிக்சல் வெளிப்பக்கம் விரியுங்கள். மேகத்தின் ஓரம் எப்போதும் மாஸ்க்குக்கு வெளியே கசிந்திருக்கும்.

எஸ்சிஎல்லை முழுதாக நம்ப வேண்டாம். வேதாரண்யம் உப்பளம் போன்ற வெளிர் பரப்பையும் நகரத்துப் பளிச்சென்ற கூரைகளையும் அது மேகம் என்று சொல்லலாம். அப்படிப்பட்ட இடங்களை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்து, தவறான மாஸ்க்கைக் கையால் நீக்குங்கள்.

கடலை மாஸ்க் செய்து ஓட்டை போட வேண்டாம். புள்ளிவிவரத்திலிருந்து விலக்கினால் போதும். கலங்கலும் சூரியப் பளபளப்பும் நாளுக்கு நாள் மாறுவதால் கடலை வைத்துச் சமன் செய்தால் கரையோர நிலம் கெட்டுவிடும். இரண்டாவது படியில் வரைந்த நிலப் பாலிகன் இதற்குத்தான்.

7. ஒரே ப்ரொஜெக்ஷன், ஒரே கட்டம்

உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் யுடிஎம் ப்ரொஜெக்ஷன் உலகை மண்டலங்களாகப் பிரிக்கிறது. டெல்டா முழுவதும் அதன் 44 ஆம் மண்டலத்தில் அடங்குகிறது. கோயம்புத்தூர், நீலகிரி வரை மேற்கே நீட்டினால் 78 டிகிரி தீர்க்கரேகையைத் தாண்டி 43 க்குப் போய்விடுவீர்கள். அப்போது எல்லாவற்றையும் ஒரே மண்டலத்துக்கு வார்ப் செய்யுங்கள், அதாவது மாற்றிப் பொருத்துங்கள். பிக்சல் 10 மீட்டர், கட்டத்தின் தொடக்கப் புள்ளி எல்லாப் படத்துக்கும் பொது.

வார்ப் செய்யும்போது உள்ளீட்டின் நோடேட்டா 0 என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். மறந்தால் ஓரத்துப் பிக்சல்கள் 0 உடன் கலந்து இருண்டுவிடும். மொசைக்கில் (ஒட்டிய முழுப் படத்தில்) மயிரிழை போன்ற கறுப்புக் கோடு தெரிவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

இந்தப் படியில் மாவட்ட எல்லைக்கு வெட்டாதீர்கள். திருவாரூர் தனி, தஞ்சாவூர் தனி என்று வெட்டிவிட்டால் ஓவர்லாப் போய்விடும், ஒப்பிட மென்பொருளுக்கு ஒன்றுமே இருக்காது. வெட்டுவது கடைசி வேலை.

8. இப்போது கலர் பேலன்ஸ்

ஆர்ஃபியோ டூல்பாக்ஸில் மொசைக் என்ற செயலியைத் திறங்கள். தயார் செய்த படங்களை வரிசையாகக் கொடுங்கள். ஃபெதர் (விளிம்புக் கலப்பு) இல்லாமல் ஓட்டினால் பட்டியலில் கடைசியாக இருப்பது மேலே வரும், அதனால் மிகத் தெளிவான படத்தைக் கடைசியில் வையுங்கள். நோடேட்டா 0. புள்ளிவிவரத்துக்கான வெக்டர் என்ற இடத்தில், படங்களின் அதே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் நிலப் பாலிகனைக் கொடுங்கள்.

ஹார்மனைசேஷன் (நிறச் சமன்) முறையில் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. பேண்ட் என்பது ஒவ்வொரு பேண்டையும் தனித்தனியாகச் சமன் செய்யும். ஆர்ஜிபி என்பது முதல் மூன்று பேண்டுகளைச் சிவப்பு, பச்சை, நீலமாக எடுத்து, நிறங்களின் ஒட்டுறவைப் பிரித்த வேறொரு நிறவெளியில் சமன் செய்யும். கண்ணுக்கான இயல்பு வண்ணப் படத்துக்கு நான் ஆர்ஜிபியையே எடுப்பேன். வயல் ஒரு பக்கம் ஊதா சாய்வதும் மறுபக்கம் மஞ்சள் சாய்வதும் இதில் குறைவு. அகச்சிவப்பும் சேர்ந்த நான்கு பேண்ட் என்றால் பேண்ட் முறைதான். படங்களின் வித்தியாசத்தை எப்படி அளப்பது என்று கேட்கும் காஸ்ட் என்ற இடத்தில் ஆர்எம்எஸ்இ யில் தொடங்குங்கள்.

முதல் ஓட்டத்தில் ஃபெதரை அணைத்தே வையுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஃபெதர் என்பது இரண்டு படங்களையும் விளிம்பில் கலந்து கோட்டை மறைக்கும் வேலை. தொடக்கத்திலேயே அதைப் போட்டுவிட்டால் ஹார்மனைசேஷன் சரியாக நடந்ததா என்று தெரியவே தெரியாது. கோடு நேராகத் தெரியும் நிலையில்தான் இரண்டு பக்கமும் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று பார்க்க முடியும்.

ஓடும்போது லாக்கை, அதாவது கருவி எழுதிக்கொண்டே போகும் குறிப்பைப் படியுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் எந்த எண்ணால் பெருக்குகிறது என்று அதில் வரும். 0.9 க்கும் 1.1 க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. 0.6, 1.5 என்று வந்தால் முடிவைப் பார்க்கவே வேண்டாம், பின்னால் போங்கள். 1000 கழிக்காத படம் ஒன்று கலந்திருக்கும், அல்லது ஓவர்லாப்பில் மேகம் இருக்கும், அல்லது பருவம் வேறாக இருக்கும். அந்த மூன்றையும் தாண்டி வேறு காரணம் வருவது அரிது.

வெளியீட்டை 16 பிட் முழு எண் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். 8 பிட் என்று விட்டுவிட்டால் 255 க்கு மேல் உள்ளதெல்லாம் வெட்டப்பட்டு முழு டெல்டாவும் வெள்ளைத்தாள் ஆகிவிடும்.

இரண்டு பக்கமும் நெருங்கிவிட்டது, மெல்லிய கோடு மட்டும் மிச்சம் என்றால் இரண்டாவது ஓட்டத்தில் ஃபெதரைப் போடலாம். ஸ்லிம் என்பதை எடுத்து 300 முதல் 500 மீட்டர் வரை கொடுங்கள். லார்ஜ் என்பது ஓவர்லாப் முழுவதையும் கலக்கும். ஒரு படத்தில் அறுவடையான வயலும் இன்னொன்றில் நிற்கும் பயிரும் இருந்தால் பல கிலோமீட்டருக்கு அரைப்பச்சை நிழலாகத் தெரியும். தேதி ஒன்றாக இல்லாதவரை லார்ஜ் வேண்டாம்.

9. ஒரு படம் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால்

எல்லாம் செய்த பின்னும் ஒரே ஒரு படம் அடம்பிடிக்கலாம். அதற்கு மாறாத இடங்களை வைத்து நாமே கோட்டுச் சமன்பாடு போடுவதுதான் நல்ல வழி. இரண்டு தேதியிலும் நிறம் மாறாத இடங்களைத் தேடுங்கள். விமான நிலையத்தில் விமானங்கள் நிற்கும் அகலமான தளம், பெரிய கிடங்குகளின் கூரை, கல்குவாரி, அகலமான கான்கிரீட் தளம். இருண்ட பக்கத்துக்கும் சில புள்ளிகள் வேண்டும், அதற்குக் கலங்காத ஆழமான நீர்நிலை உதவும். 10 மீட்டர் பிக்சல் என்பதால் 50 மீட்டருக்குக் குறைந்த எதையும் எடுக்காதீர்கள், ஓரத்துப் புல்லும் சேர்ந்துவிடும்.

இருபது முப்பது இடங்களில் இரண்டு படங்களின் எண்ணையும் எடுத்து, ஒரு விரிதாளில் போட்டு, அவற்றுக்குப் பொருந்தும் நேர்கோட்டின் சரிவும் (பெருக்கும் எண்) வெட்டும் (கூட்டும் எண்) பேண்ட் வாரியாகக் கண்டுபிடியுங்கள். கோட்டிலிருந்து வெகுதூரம் விலகும் புள்ளியை நீக்கிவிடுங்கள், அங்கே புதுக் கட்டடம் வந்திருக்கும். கிடைத்த சமன்பாட்டை ராஸ்டர் கால்குலேட்டரில் அந்தப் படத்துக்கு மட்டும் செய்து, மறுபடி மொசைக்குக்குக் கொடுங்கள். இதில் கூட்டலும் இருப்பதால், மெல்லிய மூட்டம் இருண்ட இடங்களைத் தூக்கிவிட்ட படங்களுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும்.

நேராக இங்கே வந்த ஒரே நாள் டைல்காரர்களுக்கு இந்தப் படி வேண்டாம். மூன்று பேண்டுகளையும் அடுக்கி, டைல்களை மர்ஜ் செய்து ஒன்றாக்கிவிட்டு, 11 க்குப் போங்கள்.

10. விமானப் படம், ட்ரோன் படம், ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ

சென்டினல்-2 இன் கேமரா நேர்கீழிலிருந்து இருபுறமும் பத்து டிகிரி அளவுக்குத்தான் சாய்ந்து பார்க்கிறது. விமானப் படத்தில் அந்தக் கோணம் இன்னும் பெரிது. ஒரே ஃப்ரேமில் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு இடம் வெளுத்திருக்கும், மூலைகள் இருண்டிருக்கும். ஒரு ஃப்ரேமுக்கு ஒரு பெருக்கல் என்ற வழி இங்கே வேலைக்காகாது, ஏனென்றால் கோளாறு ஃப்ரேமுக்கு உள்ளேயே மாறிக்கொண்டு போகிறது.

ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவில் இதற்கு மொசைக் டேட்டாசெட் (படங்களின் தொகுப்பு) உருவாக்கி, எல்லாப் படங்களுக்கும் புள்ளிவிவரமும் ஹிஸ்டோகிராமும் கட்டிய பிறகு, கலர் பேலன்ஸ் கருவியில், ஒவ்வொரு பிக்சலையும் ஒரு இலக்கு நிறத்தை நோக்கி இழுக்கும் டாட்ஜிங் முறையை எடுங்கள். புள்ளிவிவரம் கட்டாமல் கருவி ஓடாது. எந்த நிறத்தை நோக்கி இழுப்பது என்பதற்கு ஒற்றை நிறம், நிறக் கட்டம், முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படிப் பரப்பு என்று தேர்வுகள் உண்டு (இங்கே படி என்பது சமன்பாட்டின் படி). சிறிய பரப்பு, ஒரே மாதிரி நிலம் என்றால் ஒற்றை நிறம் போதும். மேற்கே மலை, கிழக்கே வயல் என்று நிலம் சீராக மாறினால் முதல் படிப் பரப்பை எடுங்கள். அதற்கு மேல் போகும்போது ஓரங்களில் நிறம் தாறுமாறாக விலகுகிறதா என்று பாருங்கள்.

டாட்ஜிங்கில் ஒரு ஆபத்து உண்டு. பாதி கடல், பாதி நிலம் உள்ள ஃப்ரேமில் இரண்டையும் பொது நிறத்துக்கு இழுக்கும். கடல் சேறாகும், மணற்கரை பச்சையடிக்கும். கடலையும் மேகத்தையும் விலக்கு பகுதியாகக் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள். நிறம் சமனான பிறகு சீம்லைன் (படங்கள் ஒட்டும் கோடு), அதற்கும் பிறகு ஓவர்வியூ (தூரத்திலிருந்து காட்டும் சிறிய நகல்). ஓவர்வியூவை முதலில் கட்டிவிட்டால் தூரத்திலிருந்து பழைய நிறமும் கிட்டத்தில் புதிய நிறமும் தெரியும்.

ட்ரோன்காரர்கள் பறப்பதற்கு முன்பே வொயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்து நிலையாக வையுங்கள். ஆட்டோவில் பச்சை வயல்மேல் ஒரு நிறம், செம்மண்மேல் வேறு நிறம் என்று கேமராவே மாற்றிக்கொண்டு போகும். எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள். ஆர்த்தோமொசைக் (ட்ரோன் படங்களை ஒட்டிய முழுப் படம்) உருவான பின் நிறத்தைத் திருத்துவதைவிட, உருவாவதற்கு முன் தனித்தனிப் படங்களில் திருத்துவது எப்போதும் எளிது.

11. 8 பிட், பிரமிடு, கடைசியாக வெட்டு

காட்சிக்கான 8 பிட் மாற்றம் இங்கேதான் வர வேண்டும். குறைந்தபட்சம், அதிகபட்சத்தை மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்க விடாதீர்கள். 1 முதல் 3000 வரையை 1 முதல் 255 ஆக்குங்கள். உப்பளமும் மணலும் வெட்டுப்பட்டால் 3500 வரை ஏற்றலாம். மூன்று பேண்டுக்கும் அதே எல்லை. பேண்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்தால் இவ்வளவு நேரம் சமன் செய்த நிறம் மறுபடி சாய்ந்துவிடும்.

எளிய ஸ்கேல் கருவி நோடேட்டாவான 0 ஐயும் 1 ஆக்கிவிடக்கூடும், அப்புறம் படத்தைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் நிற்கும். ராஸ்டர் கால்குலேட்டரில் நிபந்தனை போட்டு 0 ஐ 0 ஆகவே விடுங்கள், இல்லையென்றால் எந்த இடம் தெரியக் கூடாது என்று சொல்லும் ஆல்ஃபா பேண்டைச் சேர்த்துவிடுங்கள். ஜேபெக் சுருக்கம் ஓரத்து 0 களைக் கலங்கடிக்கும் என்பதால் அதற்கு ஆல்ஃபாவோ உள் மாஸ்க்கோ தேவை.

இதன்பிறகு எல்லைக்கு வெட்டி, அதற்கும் பிறகு பிரமிடு (தூரத்திலிருந்து வேகமாகக் காட்டும் சிறிய நகல்கள்) கட்டுங்கள்.

12. சரிபார்ப்பது

வண்ணத்தில் மட்டும் பார்க்காதீர்கள். நிறம் கண்ணை ஏமாற்றும். ஒவ்வொரு பேண்டையும் தனியாகச் சாம்பல் நிறத்தில் போட்டு ஓவர்லாப் ஓரமாக நகர்ந்து பாருங்கள். நீல பேண்டில்தான் மூட்டத்தின் கோடு முதலில் தெரியும். அதனால் அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு 1:5,00,000 அளவில் முழு டெல்டாவையும், 1:50,000 இல் கோட்டின் நெடுகிலும், 1:10,000 இல் நான்கைந்து இடங்களையும் பாருங்கள். தூரத்தில் தெரியும் கோடு சமன் போதாததைக் காட்டும். கிட்டத்தில் இரட்டையாகத் தெரியும் வரப்பும் வாய்க்காலும் ஃபெதர் அதிகமானதைக் காட்டும்.

நான்காவது படியில் சொடுக்கிய அதே கூரை, அதே தார்ப் பரப்புக்குத் திரும்பிப் போய் 16 பிட் மொசைக்கின் எண்ணையும் எடுங்கள். 1000 கழித்த மூலப் படத்திலிருந்து அது பத்து சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால், கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் எட்டாவது படிக்குத் திரும்புங்கள்.

எல்லாம் சரி என்றால் ஒரு சிறிய உரைக் கோப்பில் படங்களின் முழுப் பெயர், 1000 கழித்தீர்களா, எந்தெந்த வகையை மாஸ்க் செய்தீர்கள், லாக்கில் வந்த பெருக்கல் எண்கள், ஃபெதர் நீளம், 8 பிட் எல்லை ஆகியவற்றை எழுதி மொசைக்கோடு சேர்த்தே வையுங்கள். அடுத்த வருடம் அதே தை மாசிக்கு இன்னொரு மொசைக் போடும்போது அதே எல்லைகளைக் கொடுத்தால்தான் இரண்டு வருடப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.